‘ஆர்க்கேஞ்சல்’: முகம் காட்டாத ஒருவரின் பாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதைப் பற்றியது?

2007 நவம்பரில் லண்டனிலிருந்து வந்த ‘ஆர்க்கேஞ்சல்’ என்ற ஒரே ஒரு டிராக்கைப் பற்றியது. போட்டவரின் பெயர் ‘பெரியல்’. அடக்கம் செய்வது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத்தான் புனைபெயராக வைத்துக்கொண்டார். ஆர்க்கேஞ்சல் என்றால் அதிதூதர். ‘அன்ட்ரூ’ (Untrue) என்ற அவருடைய இரண்டாவது ஆல்பத்தில், சின்ன முன்னோட்டத்துக்கு அடுத்து இரண்டாவதாக வருகிறது. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதை யாருக்கு அனுப்பினாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. யார் இவர், பேஸ் (அடி ஸ்வரம்) எங்கே, ஃபைல் கெட்டுப்போயிருக்கிறதா, பாடுவது ஆணா பெண்ணா. பல வருடங்களாகத் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

படிப்பதற்கு முன் பாட்டைக் கேட்க வேண்டுமா?

ஆமாம். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

யார் இந்த பெரியல்?

தென் லண்டன்காரர். 2005-இல் ‘சவுத் லண்டன் பரோஸ்’ என்ற இசைத்தட்டோடு வெளியே வந்தார். கோட்நைன் என்ற பெயரில் இசையமைக்கும் ஸ்டீவ் குட்மன் நடத்தும் ஹைப்பர்டப் நிறுவனம் அதை வெளியிட்டது. 2006 மே மாதம் பெரியல் என்ற பெயரிலேயே முதல் ஆல்பம். ‘தி வயர்’ இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு ‘அன்ட்ரூ’.

இவ்வளவு நடந்தும் அவர் முகத்தைக் கேட்பவர்கள் யாரும் பார்த்ததில்லை. எங்கேயும் மேடை ஏறவில்லை, டிஜே செய்யவில்லை. குடும்பத்துக்கு வெளியே தான் இசை செய்வது தெரிந்தவர்கள் ஐந்து பேர் இருக்கலாம் என்று அந்தச் சமயத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். ஆல்பம் உலகமெல்லாம் போய்க்கொண்டிருந்தபோது சொன்னது அது.

அப்புறம் பெயர் எப்படி வெளியே வந்தது?

2008-இல் ‘அன்ட்ரூ’ மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. பிரிட்டனில் ஓர் ஆண்டின் நல்ல ஆல்பத்துக்குக் கொடுக்கும் பெரிய பரிசு அது. பட்டியலில் முகமில்லாத ஒருவர் இருந்தால் செய்தித்தாள்கள் விடுமா? ‘தி சன்’ நாளிதழ் அவரைக் கண்டுபிடிக்கும் வேட்டையில் இறங்கியது. ஏற்கெனவே புகழ்பெற்ற மின்னணு இசைக்காரர் அஃபெக்ஸ் ட்வின்தான் இவர், இல்லை ஃபேட்பாய் ஸ்லிம் என்றெல்லாம் ஊகங்கள் பறந்தன. அதற்கு முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரியில், ‘தி இன்டிபென்டன்ட்’ ஒரு பெயரைச் சொல்லியிருந்தது.

ஆகஸ்டில் அவரே தன் மைஸ்பேஸ் பக்கத்தில் ஒரு படத்தைப் போட்டு, என் பெயர் வில் பெவன், தென் லண்டன் என்று எழுதினார். அதிகம் வெளியே தெரியாமல் இருக்க விரும்புகிறவன், பாட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்பது அதன் சாரம். பரிசு எல்போ என்ற ராக் குழுவுக்குப் போனது.

அவர் படித்தது பட்னியில் இருந்த எலியட் பள்ளியில். இசையமைப்பாளர் ஃபோர் டெட், ஹாட் சிப், தி எக்ஸ்எக்ஸ் என்ற இசைக் குழுக்கள் எல்லாம் அதே பள்ளியிலிருந்து வந்தவர்கள். ஒரு சாதாரண அரசுப் பள்ளி இத்தனை பேரைக் கொடுத்திருக்கிறது என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

பெயர்தான் தெரிந்துவிட்டதே, இன்னும் ஏன் ‘அநாமதேயக் கலைஞர்’ என்கிறார்கள்?

பெயர் தெரிந்த பிறகும் அவர் நடந்துகொண்ட விதம் மாறவில்லை. வெளிப்பட்டுவிட்டோம், இனிக் கச்சேரி செய்து சம்பாதிப்போம் என்று கிளம்பவில்லை. 2013 டிசம்பரில் ‘ரைவல் டீலர்’ என்ற இசைத்தட்டு வந்தபோது, அதைப் பற்றிச் சொல்ல நினைத்ததை பிபிசி வானொலி அறிவிப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு செல்ஃபி போட்டு ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். ஊர் மறுபடி அமைதியாகிவிட்டது.

2009-இல் பள்ளித் தோழர் ஃபோர் டெட்டோடு சேர்ந்து ஒரு தட்டுப் போட்டார். லேபிள் முழுக்கக் கறுப்பு. ஓர் எழுத்துகூடக் கிடையாது. பெயர் உலகுக்கே தெரிந்த பிறகு செய்தது அது!

பெயரை மறைப்பது விளம்பர உத்திதானே?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துவது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முகமூடி போட்டு மேடையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஓர் அலங்காரம், அதில் தவறில்லை. ஆனால் முகமூடியும் ஒரு முகம்தான், போஸ்டரில் அச்சடிக்கலாம். பெரியல் அதைக்கூடக் கொடுக்கவில்லை. அவர் வளர்ந்த இசை உலகில் பெயர் இல்லாமல் இருப்பது சாதாரண விஷயம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தொண்ணூறுகளின் லண்டனில் ஜங்கிள், கராஜ் என்ற நடன இசை வகைகளின் டியூன்கள் ‘ஒயிட் லேபிள்’ தட்டுகளாகத்தான் கடைக்கு வரும். நடுவில் வெற்று வெள்ளைக் காகிதம். பேனாவால் ஏதாவது கிறுக்கியிருந்தால் உண்டு. உரிமம் இல்லாத பைரேட் ரேடியோவில் ஒரு டியூன் ஓடும். யாருடையது என்று அறிவிப்பாளருக்கே தெரியாமல் இருக்கும். அதை டேப்பில் பதிந்துவைத்து, மாதக்கணக்கில் பெயரே இல்லாமல் காதலித்துக் கிடந்தவர்கள் ஏராளம்.

அப்படிப்பட்ட டேப்புகளை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவருவார், அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன், அந்தக் காலத்து ரேவுகளுக்கு, அதாவது விடிய விடிய நடக்கும் நடனக் கூட்டங்களுக்கு, நான் போனதே இல்லை என்று பெரியல் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு இசை முதன்முதலில் வந்து சேர்ந்ததே முகமில்லாமல்தான். தனக்குக் கிடைத்த மாதிரியே மற்றவர்களுக்கும் கொடுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். விளம்பரம் நோக்கமாக இருந்திருந்தால் 2008-இல் அறுவடை செய்திருப்பார்.

கேட்பவருக்கு இதனால் என்ன லாபம் என்றால், குரலைக் கேட்கும்போது மனத்தில் வந்து நிற்க ஒரு முகம் இல்லை. அந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் வந்து நிற்பார். எனக்கு வந்து நிற்பவர் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பேஸ் மியூசிக் என்றால் என்ன? டப்ஸ்டெப்பும் அதுவும் ஒன்றா?

பாட்டின் பாரம் முழுவதும் அடி ஸ்வரங்களில் இருக்கும் நடன இசைக்குப் பொதுவான பெயர் பேஸ் மியூசிக். மற்ற இசையில் பேஸ் அஸ்திவாரம் மாதிரி மண்ணுக்குள் கிடக்கும். இங்கே அஸ்திவாரம்தான் வீடு. ஜமைக்காவின் டப் இசையிலிருந்தும் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிவைத்துத் தெருவில் பாட்டுப் போடும் அங்குள்ள சவுண்ட் சிஸ்டம் பழக்கத்திலிருந்தும் குடியேறிய மக்களோடு லண்டனுக்கு வந்து, ஜங்கிள், கராஜ், டப்ஸ்டெப், கிரைம் (Grime) என்று கிளைவிட்டது.

அதில் ஒரு கிளைதான் டப்ஸ்டெப். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென் லண்டனின் கிராய்டன் பகுதியில், ‘பிக் ஆப்பிள்’ என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றித் திரிந்த பையன்கள் கராஜிலிருந்து பாட்டைக் குறைத்து இருட்டையும் பேஸையும் கூட்டினார்கள். வேகம் நிமிடத்துக்கு 140 தட்டை ஒட்டி இருக்கும். ‘ஃபார்வர்ட்’ என்ற கிளப் இரவு 2001-இல் தொடங்கியது. பின்னால் ஷோர்டிச்சில் ‘பிளாஸ்டிக் பீப்பிள்’ என்ற சின்ன நிலவறைக்கு இடம் மாறியது. உள்ளே ஏறக்குறைய கும்மிருட்டு, ஸ்பீக்கர் மட்டும் முதல் தரம். 2005-இல் பிரிக்ஸ்டனில் ‘டிஎம்இசட்’ இரவுகள் ஆரம்பித்தன. ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் இருந்த கிளப் அது. முதல் ஆண்டு நிறைவன்று வரிசை அடங்காமல், கீழே சின்ன அறையில் நடந்ததை மேலே பெரிய கூடத்துக்கு மாற்றினார்கள். 2006 ஜனவரியில் மேரி ஆன் ஹாப்ஸ் பிபிசி ரேடியோ 1-இல் இந்த டப்ஸ்டெப்காரர்களை எல்லாம் ஒரே நிகழ்ச்சியில் கூட்டிவைத்துப் போட்ட பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது.

டப்ஸ்டெப் என்றால் இயந்திரம் கத்துகிற மாதிரி இருக்குமே?

நீங்கள் சொல்வது 2010-ஐ ஒட்டி அமெரிக்காவில் பெரிதாக வெடித்த வகை. ஸ்க்ரில்லெக்ஸ் அதில் பிரபலமான பெயர். அங்கே பேஸ் நடு ஸ்வரங்களுக்கு ஏறிவந்து உறுமும். லேப்டாப் ஸ்பீக்கரிலும் கேட்கும். ஆரம்பகால லண்டன் டப்ஸ்டெப்பில் பேஸ் உறுமாது. தரையிலிருந்து காலுக்கு ஏறும்.

சரி, ‘ஆர்க்கேஞ்சல்’ பாட்டுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு சரசரப்பு. மழையா, பழைய இசைத்தட்டின் கீறலா என்று பிரிக்க முடியாது. அதற்குப் பின்னால், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் வாசிப்பது போல ஓர் இசை மூட்டம். அதன் மேல் குரல் வருகிறது. காதலையும் தனிமையையும் பற்றிய நாலைந்து சொற்கள், திரும்பத் திரும்ப. ஒவ்வோர் அசையும் தனித்தனியாக மேலே இழுக்கப்பட்டும் கீழே இறக்கப்பட்டும் இருக்கிறது. அதனால் பாடியவர் பாடாத ஒரு மெட்டு உருவாகிவிடுகிறது.

பிறகு தாளம். கராஜ் வழியில் வந்த ‘டூ-ஸ்டெப்’ இது. சாதாரண கிளப் பாட்டில் காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம் நான்கு எண்ணிக்கையிலும் ‘தம் தம் தம் தம்’ என்று விழும். இங்கே முதல் எண்ணிக்கையில் விழும், எதிர்பார்க்கும் இடத்தில் விழாது, கொஞ்சம் தள்ளி விழும். இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் என்ற சின்ன டிரம்முக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டியது போலக் காய்ந்த ஒரு சொடுக்கு. இவற்றுக்கு நடுவே உலோகச் சிணுங்கல்கள் அரை நொடியின் சிறு பங்கு தாமதித்து வருகின்றன. ஒருவர் சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தால் எப்படி இருக்கும், அந்த ஒழுங்கும் ஒழுங்கின்மையும்.

அடியில் பேஸ். அது அடிக்காது, ஊதிப் பெருகும், வடியும். குரல் மூச்சு வாங்கும் இடங்களில் முன்னால் வந்து நின்றுகொள்ளும். நான் இதை நூறு முறையாவது கேட்டிருப்பேன். நடுவில் தாளம் விலகி, குரலும் மூட்டமும் மட்டும் மிஞ்சும் இடத்தில் இன்றைக்கும் கையில் இருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

பாடுவது யார்? ஆணா, பெண்ணா?

அமெரிக்க ஆர் அண்ட் பி பாடகர் ரே ஜே. அவருடைய 2005-ஆம் ஆண்டுப் பாட்டான ‘ஒன் விஷ்’ஷிலிருந்து எடுத்த துண்டுகள். ஆண் குரல்தான், ஆனால் சுருதியை மாற்றி மாற்றி வைத்ததில் ஆண், பெண் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. மூலப் பாட்டைத் தேடிக் கேட்டுப் பாருங்கள். பளபளப்பான, நன்றாகத் தயாரித்த காதல் பாட்டு. அதற்குள் இப்படி ஒரு துயரம் ஒளிந்திருக்கிறது என்று பெரியலுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் தோன்றும்.

குரல் தவிர, ‘மெட்டல் கியர் சாலிட் 2’ என்ற வீடியோ கேமின் ஒலிகளும் பாட்டுக்குள் இருக்கின்றன.

அடுத்தவர் பாட்டிலிருந்து வெட்டி எடுப்பது திருட்டு இல்லையா?

சட்டப்படி சாம்பிள், அதாவது இப்படி ஒரு துண்டு, எடுக்க இரண்டு அனுமதி வேண்டும்: பதிவின் உரிமையாளரிடமிருந்து ஒன்று, பாட்டை எழுதியவரிடமிருந்து ஒன்று. கலையாகப் பார்த்தால், எடுத்தது அடையாளம் தெரியாமல் வேறொன்றாகிவிட்டதா என்பதுதான் என் அளவுகோல். ‘ஆர்க்கேஞ்சல்’ அதில் தேறுகிறது.

ஆனால் இந்த இசை உலகத்தின் மேல் ஒரு பழைய கடன் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு பதிந்த ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த ஏழு நொடிக்கும் குறைவான டிரம் துண்டின் மேல்தான் ஜங்கிள் இசை முழுவதும் எழுந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006-இல் வறுமையிலேயே இறந்துபோனார். 2015-இல் ரசிகர்கள் பணம் திரட்டிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். நல்ல காரியம். கோல்மனுக்குத்தான் அது காலம் கடந்து வந்தது.

சரசரவென்று சத்தம் வருகிறதே, ஃபைல் கெட்டுவிட்டதா?

இல்லை, வேண்டுமென்றே வைத்தது. வேறு இடத்திலிருந்து மறுபடி இறக்கிப் பார்க்க வேண்டாம், அங்கேயும் இருக்கும்.

எந்த மென்பொருளில் செய்தார்?

சவுண்ட் ஃபோர்ஜ். இது முக்கியமான விஷயம், ஏனென்றால் அது பாட்டு அமைப்பதற்கான மென்பொருளே அல்ல. ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுவதற்கானது. பொதுவாக இசையமைக்கும் மென்பொருளில் திரை முழுக்கக் கட்டங்கள் இருக்கும். டிரம்மை எங்கே போட்டாலும் பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்து நேராக்கிவிடும். பெரியலுக்கு அந்தக் கட்டங்கள் இல்லை. அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, ஒவ்வோர் ஒலியையும் கையால் வைத்தார். டிரம்கள் நன்றாக அமைந்துவிட்டன என்பதைத் திரையில் அவை மீன் முள் மாதிரித் தெரிவதை வைத்தே கண்டுகொள்வேன் என்று ஒரு பேட்டியில் சொன்னார்.

நான் இதைச் செய்து பார்த்தேன். ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து, கட்டங்களை அணைத்துவிட்டு, சாவிச் சத்தம், தீப்பெட்டி உரசல், ஒரு கிக், ஒரு சொடுக்கு, இவ்வளவையும் அலைவடிவத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் பத்து முயற்சியும் தடுக்கி விழுகிற மாதிரி இருந்தன. பிறகு ஒன்றில், சொடுக்கை வெறும் 20 மில்லிநொடி தாமதப்படுத்தியதும் அது நடக்க ஆரம்பித்தது. அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் நீளமும் குட்டையுமாகக் கூரான முட்கள். மீன் முள்ளேதான்.

என் போனில் பேஸே கேட்கவில்லை. ஏன் இவ்வளவு புகழ்கிறீர்கள்?

உங்கள் மேல் தப்பில்லை, போன் மேலும் தப்பில்லை. பேஸ் என்பது நிறையக் காற்றைத் தள்ளும் வேலை. விரல் நக அளவு ஸ்பீக்கரால் அது முடியாது. மனிதக் காது கேட்கும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. இந்த இசையின் உயிர் 30-க்கும் 80-க்கும் இடையில் இருக்கிறது. போன் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பாட்டில் பாதியை அது உங்களுக்குக் கொடுப்பதே இல்லை.

இன்னொரு சங்கதி, நம் காதும் அடி ஸ்வரங்களுக்கு மந்தம். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட ஏறத்தாழ 50 டெசிபல் கூடுதல் அழுத்தம் வேண்டும். அதனால்தான் வால்யூமைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது பேஸ். பாட்டு அப்படியே இருக்க, தரை மட்டும் நழுவிவிடும்.

நல்ல ஸ்பீக்கர் வாங்கியும் சரியாகக் கேட்கவில்லையே?

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். கேலி இல்லை, இது அப்பட்டமான இயற்பியல். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். அறைக்குள் அது அடங்காது. எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பி, தன்னோடு தானே மல்லுக்கு நிற்கும். நான்கு மீட்டர் நீளமுள்ள அறை என்றால் 43 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு நிலை அலை உண்டாகும். சுவரை ஒட்டி அது பலமாகவும், சரியாக நடு அறையில் இல்லாமலும் இருக்கும். நாற்காலியை எல்லோரும் போடுவது அந்த நடுவில்தான்!

என் அறையில் இதைக் கண்டுபிடித்த நாள் நினைவிருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்த பேனாவை எடுக்கச் சுவரோரம் குனிந்தேன். அதுவரை இல்லாத பேஸ் முதுகில் கை வைத்தது. நிமிர்ந்து நடுவுக்கு வந்தேன், போய்விட்டது. மறுபடி சுவரிடம் போனேன், வந்துவிட்டது. அலமாரிக் கதவின் தளர்ந்த திருகாணி ஒன்று ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் கிர்ரென்று சேர்ந்து பாடியது. அன்றிலிருந்து நாற்காலி சுவருக்கு ஓர் அடி தள்ளித்தான்.

அப்படியானால் ஹெட்ஃபோன் போதுமா?

இந்தப் பாட்டுக்குப் போதும் என்பேன். காதை முழுவதும் மூடும் வகையாக இருக்கட்டும். காதுக்குள் வைப்பதென்றால் ரப்பர் முனை காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும், இடைவெளி இருந்தால் பேஸ் அந்த வழியாகவே கசிந்துவிடும். ஈக்வலைசரில் பேஸை ஏற்ற வேண்டாம். அவர் அளந்து வைத்ததை நாம் ஏற்றினால் குரல் சேற்றில் மாட்டிக்கொள்ளும்.

ஹெட்ஃபோனில் கிடைக்காதது ஒன்று உண்டு. பெரிய சிஸ்டத்தின் முன் நிற்கும்போது பேஸைக் கேட்பது காது மட்டும் இல்லை, நெஞ்சுக்கூடும் வயிறும் கேட்கும். ‘டிஎம்இசட்’ அழைப்பிதழ்களில் பேஸின் எடையைத் தியானிக்க வாருங்கள் என்ற பொருளில் போட்டிருப்பார்கள். ஆடவே ஆடாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர்கள் அங்கே நிறையப் பேர்.

காதுக்கு ஆபத்து இருக்கிறதா?

சத்தமாக, நெடுநேரம் கேட்டால் உண்டு. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற நேரம் வேகமாகக் குறையும். கிளப்புக்குப் போனால் காதடைப்பான் கட்டாயம். கேட்டு முடித்த பிறகு காதில் ரீங்காரம் இருந்தால் அது எச்சரிக்கை, அலட்சியம் செய்யாதீர்கள். காது ஒருமுறை போனால் போனதுதான்.

டப்பிளேட் என்கிறார்களே, அது என்ன?

அலுமினியத் தட்டின் மேல் லாக்கர் பூசி, அதில் பாட்டை ஒரே ஒரு பிரதியாக வெட்டி எடுப்பது. பத்து அங்குலம். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டங்களின் பழக்கம். தென்கிழக்கு லண்டனில் ட்ரான்ஸிஷன் என்ற கூடம் டப்ஸ்டெப்காரர்களுக்கு இதை வெட்டிக் கொடுத்தது. மதியம் செய்த டியூனை மாலை வெட்டி இரவே கிளப்பில் போடுவார்கள். சில பத்து முறை ஓட்டினால் தேய்ந்துவிடும். இந்த இசையில் ‘வெளியிடப்படாத டியூன்’ என்பதற்கு ஒரு மரியாதை உண்டென்றால் காரணம் இதுதான்: அந்த இரவு அந்த அறையில் இருந்தவர்கள் மட்டுமே கேட்டது.

இது கிளப்பில் ஆடுவதற்கான பாட்டா?

தாளம் ஆட்டத்துடையது, நேரம் ஆட்டம் முடிந்த பிறகு உள்ளது. முதல் ஆல்பத்தில் ‘நைட் பஸ்’ என்றே ஒன்று இருக்கிறது. ‘அன்ட்ரூ’வில் ‘இன் மெக்டொனால்ட்ஸ்’. கிளப் மூடி, கடைசி ரயில் போய், ஈரத்தெருவில் இரவுப் பேருந்துக்கு நிற்கிற லண்டன் அது. டியூன் முடிந்ததும் இரவில் காரில் ஓட்டிப் பார்த்து, அந்தத் தொலைவு அதில் இருக்கிறதா என்று சோதிப்பேன் என்று பெரியலே சொல்லியிருக்கிறார்.

கேட்டால் சோகம் பிடித்துக்கொள்கிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. ஆனால் இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு குரலை விட்டுவிட்டு மூட்டத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அதில் ஓர் ஆறுதல் ஓடுகிறது. குரல் தேம்பிக்கொண்டே இருக்க, பின்னால் யாரோ தட்டிக்கொடுத்தபடி இருக்கிறார்கள். தலைப்பில் வரும் தூதர் அவர்தான் என்பது என் எண்ணம்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

பார்க்க முடியாது. அவர் பெயரில் நுழைவுச்சீட்டு விற்றால் வாங்காதீர்கள்.

அடுத்து என்ன கேட்பது?

‘அன்ட்ரூ’ முழுவதையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள், ஐம்பது நிமிடம்தான். பிறகு 2012-இல் வந்த ‘கின்ட்ரெட்’. அதில் ஒவ்வொரு பாட்டும் நீளம், உள்ளே இரண்டு மூன்று பாட்டுகள் ஒளிந்திருக்கும். ‘ரைவல் டீலர்’ அதற்குப் பின். 2022-இல் வந்த ‘ஆன்டிடான்’ கடைசியில் இருக்கட்டும். அதில் தாளம் அநேகமாக இல்லை, பழகிய காதுக்குத்தான் பிடிபடும். வேர் தெரிய வேண்டும் என்றால் எல்-பி என்ற கராஜ் கலைஞரைத் தேடுங்கள். அந்த டூ-ஸ்டெப் டிரம்கள் எங்கிருந்து வந்தன என்று உடனே புரியும்.

எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

பகலில் கேட்டிருப்பீர்கள். வீடு அடங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னொரு தடவை போடுங்கள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் நகர்த்த மறக்க வேண்டாம்.